பஞ்சுக்கையும் முடி மாத்திரையும்

என் தலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லா வினையும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. உச்சியில் டீ கிளாஸின் வாய் அளவுக்கு ஒரு வட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் வழுக்கை விழட்டும். வங்கி மேனேஜருக்கு விழுந்தால் மரியாதை கூடத்தான் செய்யும். சலூன் வைத்திருப்பவனுக்கு விழலாமா? நாற்காலியில் வந்து உட்காருகிறவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் தலையைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு, "அண்ணே, பாத்து வெட்டுங்க" என்கிறான்.

இத்தனைக்கும் தொழிலில் நான் சோடை போனவன் இல்லை. எங்கள் தெருவில் என் சொந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது, 'பஞ்சுக்கை' என்றால்தான் கடையைக் காட்டுவார்கள். நான் சவரம் செய்தால் கத்தி பட்டதே தெரியாது என்பதற்காக வந்த பட்டம் அது. பட்டத்தை முதலில் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். நானேதான். நாலு பேரிடம் நாலு முறை சொன்னேன், ஒட்டிக்கொண்டது.

கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று எனக்கு, மற்றது என் மனைவியின் தம்பிக்கு. நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாமா என்பான். பக்கத்துக் கடை சலவைக் கடை. என் மனைவி அங்கே இஸ்திரி போடுகிறாள். நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சுவர்தான், நான் இங்கே அளந்துவிடுகிற ஒவ்வொரு பொய்யும் அவள் காதில் விழும். பெரிய பொய்யாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியைத் தொம்மென்று வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை உண்டு. என் அண்ணனுக்குச் சவரம் செய்ய வேண்டும். அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதிதான் வரும். முகத்தில் இடது பாதியில் உணர்வே கிடையாது, கிள்ளினாலும் தெரியாது. சாதாரண ஆளுக்குக் கத்தி இழுத்தால் அவனே 'ஸ்' என்பான். அண்ணன் சொல்லமாட்டார். அதனால் அந்தக் கன்னத்துக்கும் சேர்த்து என் விரல்தான் உணர வேண்டும். என் விரல் முன்னால் தடவிக்கொண்டே போகும், கத்தி பின்னால் வரும். வேறு யாரையும் அவர் முகத்தைத் தொட விட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பஞ்சுக்கை என்ற பட்டத்துக்கு நான் தகுதியானவன் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, இனி என் வியாதிக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் சீப்பைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்க ஆரம்பித்தேன். சோதித்துப் பார்த்ததில் கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது என்றார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள், "அது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே அண்ணே" என்று அனுதாபப்பட்டார்கள். மனைவி அனுதாபப்படவில்லை. "சுரப்பியும் உங்கள மாதிரியேதானா? வேலைன்னா சுணங்குதா?" என்றாள்.

மாத்திரையில் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் நீலப் பெட்டிக்காரன் வந்தான். முடி வளர மாத்திரை விற்கிற ஏஜெண்டு. நீல அட்டைப்பெட்டியின் மேல் ஒரு பெண் தன் கூந்தலைக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணாடிக்குக் கீழ அடுக்கி வைங்க. ஆனா ஒன்னு, நீங்களே சாப்பிட்டாத்தான் சார் மத்தவங்க நம்புவாங்க" என்றான். சொல்லும்போது, பக்கத்து முடியை இழுத்து மூடியிருந்த என் உச்சியைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே நான் விழுந்துவிட்டேன். தினமும் இரண்டு மாத்திரை. கண்ணாடி ரொம்பவும் வெளிச்சமாக இருக்கிற நாட்களில் மூன்று.

அந்த வருடம் ரத்தப் பரிசோதனையில் ஒரு அதிசயம் நடந்தது. தெருமுனை டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "தைராய்டு அதிகமா காட்டுதே! மாத்திரைய பாதியாக் குறைச்சுக்குங்க" என்றார். நான் தலைகால் புரியாமல் கடைக்கு வந்தேன். தூங்கிக் கிடந்த சுரப்பி விழித்துக்கொண்டது, உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொண்டது, இதற்கெல்லாம் மனவலிமை வேண்டும் என்று நாற்காலியில் அகப்பட்டவனுக்கெல்லாம் விளக்கினேன். பலகைச் சுவருக்கு அப்பால் தொம் என்று சத்தம் கேட்டது. அடுத்த பரிசோதனையிலும் அதிகம் என்றே வந்தது. மாத்திரையை இன்னும் குறைத்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அதன் பிறகுதான் விரலில் ஆரம்பித்தது. இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் சுருசுருவென்று ஊசி குத்துகிற மாதிரி. பிறகு எறும்பு ஊர்கிற மாதிரி. பிறகு ஒன்றுமே இல்லாமல், கையுறை போட்டுக்கொண்ட மாதிரி. கையை உதறினால் கொஞ்சம் சரியாகும். முடி வெட்டுகிறவன் நடுவில் நின்று கையை உதறினால் உட்கார்ந்திருக்கிறவன் என்ன நினைப்பான்? ஒருவன் பாதி வெட்டிய தலையோடு எழுந்து நின்றுவிட்டான்.

சலூனில் வைத்தியத்துக்குப் பஞ்சமா? ஃபோன் பார்ப்பதால்தான் என்றார் ஒருவர். கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குவதால் என்றார் இன்னொருவர். சர்க்கரையாக இருக்கும் என்றார் தபால்காரர். நரம்புத் தளர்ச்சி என்றவர் குரலைத் தாழ்த்தி, கண்ணடித்து வேறு வைத்தார். மைத்துனன் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், "காலம் பூரா கத்தரி பிடிச்ச கை மாமா. தேயாம என்ன பண்ணும்?" என்றான். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. உழைத்துத் தேய்ந்த கை என்றால் கேட்கவே கௌரவமாக இருக்கிறதல்லவா? அதையே பிடித்துக்கொண்டேன்.

முகம் உப்பியதை வயசு என்றேன். குரல் கரகரத்ததை ஃபேன் காற்று என்றேன். எல்லோரும் வியர்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் குளிர்ந்ததற்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னேன், இப்போது மறந்துவிட்டது.

கடையில் சவர வேலையை மெல்ல மைத்துனனிடம் தள்ளிவிட்டேன். ஆனால் அண்ணனை எப்படித் தள்ளிவிடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, சோப்பு நுரை தடவி, அவர் ஓட்டிய பழைய லாரியின் பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே இடது கன்னத்தை முடித்தேன். விரல் முன்னால் போனது, கத்தி பின்னால் போனது, எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் நினைத்தேன். துண்டை எடுத்துத் துடைத்தேன். துண்டு சிவந்திருந்தது.

தாடைக்குக் கீழே நீளமாக ஒரு வெட்டு. அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அண்ணன் பாட்டுக்கு என்னைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருக்கிறார், கழுத்தில் ரத்தம் இறங்குகிறது. அண்ணி கையிலிருந்த செம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். படிகாரத்தை எடுத்து அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தால் கழுத்து நரம்பு.

"ஒன்னும் இல்லடா" என்றார் அண்ணன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவே அவருக்குப் பாடு. அன்றோடு நான் கத்தியை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அடுத்த வாரம் மைத்துனனை அனுப்பினேன். அண்ணன் நல்ல கையால் அவன் கையைத் தட்டிவிட்டார். சவர மெஷினைக் கொண்டுபோனான், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்க கை சரியாவட்டும்னு சொல்றாரு" என்று அண்ணி சொல்லி அனுப்பினார். அவருக்குத் தாடி வளர ஆரம்பித்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் மின்சாரம் வைத்துப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, இரண்டு கையிலும் ஆபரேஷன் செய்து நரம்புக்கு இடம் பண்ணிவிடலாம் என்றார் கை சர்ஜன். "மறுபடி சவரம் பண்ணுற அளவுக்குக் கை வருமா சார்?" என்று கேட்டேன். "பெரும்பாலும் வரும்" என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் தூங்காமல் கிடந்தேன். மைத்துனன் என் நாற்காலியைத் துடைக்கும்போதெல்லாம், கடையை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று தோன்றியது. பாவம், அவன் தூசிதான் துடைத்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால் தைராய்டு டாக்டர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அனுப்பினார்கள். மனைவியும் கூட வந்தாள். துணைக்கு என்று நான் நினைத்தேன். என் வாய்க்குக் காவல் என்று அவள் பிறகு சொன்னாள்.

டாக்டரம்மா நிதானமானவர். நாடி பார்த்தார், கழுத்தைத் தடவினார், முழங்கையின் தோலைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு ரத்தப் பரிசோதனைப் பேப்பரை எடுத்துப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"உங்க உடம்பு ஒன்னு சொல்லுது, பேப்பர் வேற ஒன்னு சொல்லுது" என்றார். "பேப்பர் தைராய்டு அதிகம்னு சொல்லுது. அதிகமா இருந்தா நாடி ஓடணும், கை வேர்க்கணும், நீங்க இளைச்சிருக்கணும். நீங்க உப்பியிருக்கீங்க, கை சில்லுன்னு இருக்கு, நாடி மெதுவா இருக்கு."

"கத்தரி பிடிச்சுத் தேஞ்ச கைம்மா அது" என்றேன் கம்பீரமாக.

"கத்தரிக்கும் பங்கு இருக்கும். இல்லன்னு சொல்லல. ஆனா தைராய்டு குறைஞ்சாலும் இப்படி வரும். உடம்புல நீர் கோத்துக்கும். மணிக்கட்டுல நரம்பு போற வழி ஒரு குறுகலான சந்து. அங்க வீக்கம் வந்தா நரம்பு நசுங்கும், இந்த மூணு விரலும் சுருசுருங்கும். வேற காரணமும் இருக்கலாம். தைராய்டு இருக்கவங்களுக்கு பி பன்னெண்டு சத்து குறையறது உண்டு, அதுலயும் ஊசி குத்துற மாதிரி இருக்கும். சர்க்கரை பாக்கணும். கழுத்துல ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கீங்களா? பண்ணவங்களுக்குச் சுண்ணாம்புச் சத்து இறங்கி, உதட்டைச் சுத்தியும் விரல்லயும் இப்படி வரும்."

"கழுத்துல நான்தான்மா மத்தவங்களுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கேன்" என்றேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"தைராய்டு மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறீங்க?"

"ஒன்னுமே இல்லம்மா. வேற மாத்திரை நான் தொடறதில்ல" என்றேன். சத்தியமாக எனக்கு அப்போது நீலப் பெட்டி நினைவுக்கே வரவில்லை. அது எனக்கு மருந்தே இல்லை, கடைச் சரக்கு. சீப்பு, பவுடர், ஷாம்பு மாதிரி.

டாக்டரம்மா ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக் குனிந்து என் கணுக்காலுக்குப் பின்னால் தட்டினார். குனிந்தபோது அவர் தலை என் கண்ணுக்கு நேராக வந்தது. இனி நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, தொழில்தான் பொறுப்பு. வகிடு கொஞ்சம் அகலமாக இருந்தது. பார்த்தேன். பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. வகிடுகிட்ட முடி கொட்டுதோ?"

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா சுத்தியலோடு நிமிர்ந்தார்.

"கவலையே படாதீங்கம்மா" என்று பைக்குள் கையை விட்டேன். சாம்பிள் பெட்டி ஒன்று எப்போதும் பையில் இருக்கும். எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இத காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. கடைல யார வேணா கேளுங்க. ஏன், நானே தினம் ரெண்டு போடுறேன். சில நாள் மூணு கூட!"

அவர் பெட்டியை எடுத்து, படத்தில் சிரித்த பெண்ணை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"எத்தனை நாளா சாப்பிடுறீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும்மா."

"ரத்தம் குடுக்கப் போன அன்னைக்கும்?"

"அன்னைக்கு ஒன்னு சேர்த்தே போட்டேன். வெறும் வயித்துல வரச் சொன்னாங்களா, தெம்பு வேணும்ல."

டாக்டரம்மா சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்த மரமண்டைக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். முடி மாத்திரையில் பயோட்டின் என்று ஒரு சத்து ஏகத்துக்கு இருக்கிறது. அது தைராய்டை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ரத்தத்தில் அது நிறைய கலந்திருந்தால், தைராய்டை அளக்கிற சில மெஷின்கள் ஏமாந்துவிடும். குறைவாக இருந்தாலும் அதிகம் என்று காட்டும். அதை நம்பி டாக்டர் தைராய்டு மாத்திரையைக் குறைத்திருக்கிறார். குறைக்கக் குறைக்க உடம்பில் தைராய்டு சரக்கு தீர்ந்தது, நீர் கோத்தது, மணிக்கட்டில் நெரிசல் வந்தது.

"அப்ப என் சுரப்பி முழிச்சுக்கவே இல்லையா?" என்றேன்.

"இல்ல. நல்லா தூங்குது."

"ஆபரேஷன்?"

"இப்ப வேணாம். நான் சர்ஜன்கிட்ட பேசுறேன். முதல்ல இத ஒரு வாரம் நிறுத்திட்டு மறுபடி ரத்தம் குடுங்க. மத்ததையும் பாத்துடலாம்."

வெளியே வந்ததும் மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாளெல்லாம் வாய மூடுங்க, வாய மூடுங்கன்னு சொல்லுவேனே" என்றாள். "இன்னைக்கு மூடியிருந்தீங்கன்னா கைய வெட்டியிருப்பாங்க." என் வாழ்நாளில் என் வாயை அவள் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அதையும் கடையில் பலரிடம் சொல்லி நாசமாக்கிவிட்டேன்.

புதுப் பரிசோதனையில் உண்மை வெளிவந்தது. தைராய்டு பாதாளத்தில் கிடந்தது. சர்க்கரை சரி, சத்துகள் சரி. பழைய அளவு மாத்திரையை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். கை உடனே திரும்பும் என்று நினைத்தேன். மாதங்கள் ஆகும், முழுசாக வருமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

அந்த மாதங்களில் நான் அடித்த கூத்து கொஞ்சமில்லை. வெட்டி விழுந்த முடியில் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, அதன்மேல் நியூஸ் பேப்பரைப் போட்டு, முடி எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிப்பது. இதுதான் நானே கண்டுபிடித்த பரிசோதனை. மைத்துனன் முடியை வைப்பான், நான் கண்ணை மூடித் தடவுவேன். "இதோ, இங்க இருக்கு மாப்ள! வந்துருச்சு கை!" என்று ஒருநாள் கத்தினேன். அவன் பேப்பரைத் தூக்கிக் காட்டினான். முடியே வைத்திருக்கவில்லை. "மாமா, மெஷின் மட்டுமா ஏமாந்துச்சு?" என்றான். நாற்காலியில் இருந்தவர் சிரிப்பு அடங்காமல் குலுங்கியதில், மைத்துனன் திரும்பப் போய் வெட்டும்போது அவருக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறிவிட்டது.

நீலப் பெட்டியை விற்பதை நிறுத்தவில்லை. ஆனால் வாங்குகிறவர்களிடம், "ரத்தம் குடுக்கப் போறீங்கன்னா இது சாப்பிடுறத முன்னாடியே சொல்லிடுங்க" என்று எச்சரித்தேன். எச்சரித்த பிறகு யாரும் வாங்கவில்லை. ஏஜெண்டு வந்து என் உச்சியைப் பார்த்தான், நானும் அவன் உச்சியைப் பார்த்தேன். அங்கேயும் வட்டம்தான். இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அண்ணன் தாடி நெஞ்சைத் தொடப் பார்த்தது. நான் போகும்போதெல்லாம் நல்ல கையால் தாடியைப் பிடித்து என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் கையை விரிப்பேன். வெளியே வந்து அழுவேன். சும்மா சொல்லவில்லை, படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

சுருசுருப்பு எப்போது குறைந்தது என்று சொல்ல முடியாது. முகம் வற்றியது, குரல் வந்தது, வேலைக்கு நடுவில் கையை உதறுவது நின்றது. ஒருநாள் மைத்துனன் பேப்பரை விரித்துவிட்டுக் கூப்பிட்டான். தடவினேன். "ஒன்னும் வைக்கல" என்றேன். அவன் முகம் மாறியது. திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி விரித்தான். "ரெண்டு வச்சிருக்க. ஒன்னு நரைமுடி, சொரசொரங்குது" என்றேன். அவன் டிராயரைத் திறந்து கத்தியை எடுத்து என் கையில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். தாடியைக் கத்தரியால் குறைத்து, நுரை தடவி, முதலில் உணர்வுள்ள பக்கத்தை முடித்தேன். இடது பக்கம் வந்ததும் பிரேக் கதை ஒன்றும் வரவில்லை. அண்ணி கையைப் பிசைந்துகொண்டு கதவருகில் நின்றார். விரலை வைத்தேன். தாடை எலும்பு தெரிந்தது. ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிந்தது. தாடைக்குக் கீழே நான் போட்ட தழும்பு ஒரு நூல் மாதிரி தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்து நின்றுவிட்டேன். பிறகு விரல் முன்னால் போனது, கத்தி பின்னால் போனது. துண்டால் துடைத்தேன். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

அண்ணன் நல்ல கையால் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, குனிந்திருந்த என் தலையில் கையை வைத்தார். பக்கத்து முடியை இழுத்து உச்சியை மூடுகிற வேலையை நான் விட்டுச் சில வாரம் ஆகியிருந்தது. அவர் கை வட்டத்தைச் சுற்றி ஒரு தடவை போய் வந்தது. பாதி வாயால் மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துக் கேட்டார்:

"இங்கயும்... வழிச்சுட்டியா?"

"ஆமாண்ணே" என்றேன். "கத்தி பட்டதே தெரியல பாருங்க."